நிக்காஹ் பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை

ஈமோகுளோபினில் இரண்டு அல்பா, இரண்டு பீட்டா சங்கிலிகள் என்று உயிரியலில் படிக்கிறோம். அந்தக் கணக்குப் பிசகினால் என்ன ஆகும் என்று தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் டேவிட் வெதரோல். 1950களின் இறுதியில் சிங்கப்பூரில் இளம் இராணுவ வைத்தியராக இருந்தபோது, கூர்க்கா வீரர் ஒருவரின் சின்ன மகளுக்குத் தலசீமியா இருப்பதைக் கண்டார். 1965இல், இந்நோயில் இரு சங்கிலிகளும் சமனின்றி உருவாவதைத் தன் சகாக்களுடன் நிறுவினார். மிஞ்சும் அல்பா சங்கிலிகள் படிந்து செங்குருதிக் கலங்களை அழிக்கின்றன. பிற்காலத்தில் இலங்கைக்கும் வந்தார். ஒரு பிள்ளை அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்க, அதே நோயுள்ள இன்னொரு பிள்ளை அதில்லாமல் வளர்வது ஏன் என்று நம் வைத்தியர்களோடு ஆராய்ந்தார்.

நோயின் காவியாக இருப்பவர் நம்மைப் போலவே நடமாடுவார். இரு காவிகள் மணந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளைக்கு 25% வாய்ப்பு. முகத்துவாரத்தில் சொந்த மச்சானுக்கே பெண் கொடுப்பது புதினமல்ல; சொந்தத்துக்குள் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

சீதனம் பேச மாதக்கணக்கில் கூடுகிறவர்கள் இதற்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கலாம். ஆனால் பெண்ணிடம் மட்டும் கேட்டால், "அந்தப் பிள்ளைக்கு ஏதோ வருத்தமாம்" என்ற கதை அஸருக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். காவி என்பது வருத்தமல்ல. காவியல்லாத ஒருவரை மணந்தால் அந்த ஆபத்தே இல்லை. ஆகவே வாப்பாமாரே, உயர்தரம் முடிந்ததும் எங்களைக் கூட்டிப் போங்கள். மாப்பிள்ளையின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.