மெர்டேக்காவும் பாட்டியின் சிவப்பு அட்டையும்

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறாண்டுகளும் ஆகஸ்டு மாதம் என்றாலே எங்களுக்குக் கொண்டாட்டம்தான். காகிதக் கொடி செய்வோம். 1957 ஆகஸ்டு 31 அன்று துங்கு முழங்கியதைப் போலவே, திடலில் வரிசையாக நின்று ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்குவோம். என்னை அழைத்துப் போக வேலியோரம் பாட்டி காத்திருப்பார். 1938-இல் இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆனால் அவருடைய சுருக்குப்பையில் இருந்ததோ சிவப்பு அடையாள அட்டை!

பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். 1946 மலாயன் யூனியன், 1948 கூட்டரசு, 1956 ரீட் ஆணையம் என்று ஆண்டுகளை மலாய்மொழியில் மனப்பாடம் செய்தேன். 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடமாயிற்றே! நானும் தேர்ச்சி பெற்றேன். ஆனால் அந்த ஆண்டுகளுக்கும் பாட்டியின் அட்டைக்கும் தொடர்பு உண்டு என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மலாயாவின் விடுதலை வரலாறு கொடி ஏறிய கதை மட்டுமன்று. இந்நாட்டின் குடிமக்கள் யார் என்று முடிவு செய்த கதையும்கூட. மலாயன் யூனியன் திட்டம், இங்கே பிறந்தவர்களுக்கும் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கும் தாராளமாகக் குடியுரிமை தர முன்வந்தது. சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்த அத்திட்டத்தை மலாய்க்காரர்கள் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. 1948-இல் வந்த கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமை நிபந்தனைகளை இறுக்கியது. 1957-இல் கூட்டணிக் கட்சிகள் விட்டுக்கொடுத்துப் பேசி ஒரு முடிவு கண்டன. சுதந்திர நாள் முதல் இங்கே பிறக்கும் குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று அன்று முடிவானது. அதற்கு முன் இங்கே பிறந்து குடியுரிமை பெறாதவர்கள் மனுச் செய்து பதிந்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தகுதியிலிருந்தும் விலக்கு உண்டு. இலட்சக்கணக்கானோர் பதிந்துகொண்டனர்.

என் கொள்ளுத் தாத்தா பதியவில்லை. மகளையும் பதிய விடவில்லை. "நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்கே போயிடலாம்" என்பாராம். விடியற்காலைப் பெரட்டும் பால்மரமும் லயமுமே உலகமாக வாழ்ந்த மனிதருக்கு, அந்த ஒரு மனுவின் மதிப்பை எடுத்துச் சொன்னவர் யார்? ஊருக்கு அவர் போகவே இல்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றானது. அப்போதுதான் அட்டையின் நிறம் பாட்டிக்குப் புரிந்ததாம். பிறகு மனுச் செய்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அலைந்ததுதான் மிச்சம். 1960-இல் பிறந்த என் அப்பாவுக்கோ எந்த மனுவும் தேவைப்படவில்லை. ஒரே லயத்து வீட்டில் தாய்க்குச் சிவப்பு, மகனுக்கு நீலம்!

தோழர்களே, பாடநூலில் நம்மைப் பற்றி எத்தனை வரிகள் என்று எண்ணிக் குறைபட்டுக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. குறை உண்மைதான், கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றியும், 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் பற்றியும் நம் வீடுகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? எழுதவில்லை என்று பிறரைக் கேட்குமுன், நாம் எதை எழுதி வைத்தோம்?

நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது பாட்டி காலமானார். இந்நாட்டின் ஒரு தேர்தலில்கூட அவர் வாக்களித்ததில்லை. அவர் பேச்சை நான் ஒரு நாளும் பதிவு செய்யவில்லை. கைப்பேசி கையில்தான் இருந்தது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தத் தவற்றை யார் மீதும் நான் போட முடியாது.

வரும் விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது உங்கள் தாத்தா பாட்டியிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு வந்தோம்? அப்போது கையில் இருந்த அட்டை என்ன நிறம்? விடைகளை எழுதி வாருங்கள். நம் கழகம் அவற்றைத் தொகுக்கட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.