காலையில் கறக்கும் மருந்து

போன மாதம் என் பெரிய நாத்தனாருக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். மார்பில் கட்டி எடுத்து ஒரு வருஷம். இப்போது ஓயாத இடுப்பு வலி. "கதிரியக்க ஊசியாமே, எனக்கு வேண்டாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்த டெக்னீஷியன் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம் இருக்குமாம். 66 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். அது சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறும். காலையில் உப்புநீரைச் செலுத்தி அதை மட்டும் இறக்கிக்கொள்வார்கள். இதற்குச் செல்லப்பெயரே 'பசு'தான், கறப்பது என்றே பேச்சு! மறுநாளைக்குள் மடி மறுபடி சுரந்துவிடும். என்ன, ஒரு வாரம் போனால் வற்றிப்போகும், வேறு வாங்கணும். கறந்ததோ 6 மணி நேரத்தில் பாதி; மறுநாள் காலையில் பார்த்தால் 16ல் ஒரு பங்கு. மாத்திரை மாதிரி வாங்கி அலமாரியில் வைக்க முடியாது.

"சீக்கிரம் போயிடுமா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார் நாத்தனார்.

ஊசி போட்டு 3 மணி நேரம் காத்திருந்தோம். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். (கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் முன்னாடியே சொல்லிவிடணும்.) அன்று ராத்திரி பேரனை மடியில் வைக்கக் கூடாது என்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. பரவவில்லை, வெறும் தேய்மானம்தான். பேரனைத் தூக்காதீர்கள் என்று இப்போது சொல்வது எலும்பு டாக்டர்!