அம்மம்மாவின் பெயர் எங்கே?

கியூபெக்கில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வேரைத் தேடுறதெண்டால் குடும்பப் பெயரை மட்டும் நம்பேலாது. ஹூடோன் என்ற குடும்பம் 'ஹூடோன் டி பொலியூ' என்றும் எழுதப்பட்டது. 'டி' எண்டால் 'எனப்படும்'. படைவீரர்களின் பட்டப்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் இப்படி ஒட்டிக்கொண்டன. பின்வந்த தலைமுறைகளில் ஒரு கிளை ஹூடோன், இன்னொரு கிளை பொலியூ.

அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தேவாலயப் பதிவேடுதான் வழி. கலியாணப் பதிவுகளில் பெரும்பாலும் இரு பக்கத்துத் தாய் தகப்பனின் பெயரும் இருக்கும். பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதியப்பட்டார்கள். 1663க்கும் 1673க்கும் இடையில் அரசரின் செலவில் கப்பலேறி வந்த சுமார் 800 பெண்களை அவர்களின் வழித்தோன்றல்கள் இண்டைக்கும் பெயர் சொல்லித் தேடுவது அதனால்தான்.

அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்கேல்லை. அடிமைகளாக வைக்கப்பட்ட பூர்வகுடிகள் பலர் வெறும் ஞானஸ்நானப் பெயரோடு நிற்கிறார்கள். பிறந்த வீட்டுப் பெயரும் தகப்பன்வழிப் பெயர்தான். எண்டாலும் அந்தப் பெயர் அழியாததால் ஒரு பெண்ணின் தடமும் அழியவில்லை.

1981 முதல் கியூபெக் சட்டப்படி கலியாணம் பெண்ணின் பெயரை மாற்றாது. மொன்றியலில் கலியாணம் கட்டும் எங்கட பெண்களுக்கும் அதே சட்டம்தான். இதை ஒரு கரைச்சலாகப் பார்க்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. புருசனின் பெயருக்குள் கரைந்துபோன ஒருத்தியைப் பேத்தி எப்பிடித் தேடுவாள்?

உங்கட அம்மம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயர்? தெரிஞ்ச ஆக்கள் இருக்கேக்கையே கேட்டு எழுதி வையுங்கோ.