சப்ஜங்க்டிவ் என்ன பாவம் செய்தது?

பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவிலும் கல்லூரியிலும் அந்தப் பாடத்தை எடுக்கிற பலர் சொல்லும் காரணம் இதுதான். தப்பில்லை, மார்க்கும் வேண்டியதுதான். ஆனால் இந்த மார்க் பிரெஞ்சில் அநியாயத்துக்கு அடிவாங்கும் ஒரு ஜீவன் உண்டு. அதன் பெயர் சப்ஜங்க்டிவ்.

அதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? ஒரு லிஸ்ட். "இல் ஃபோ கெ" (கட்டாயம்) வந்தால் சப்ஜங்க்டிவ். "அவான் கெ" (அதற்கு முன்) வந்தால் சப்ஜங்க்டிவ். ஆசை, பயம், சந்தேகம், சந்தோஷம் வந்தால் சப்ஜங்க்டிவ். மனப்பாடம் செய், கோடிட்ட இடத்தை நிரப்பு, மார்க்கை வாங்கு, மறந்துவிடு. அங்கே வினைச்சொல் ஏன் மாறுகிறது என்று கேட்டால், "அது ரூல்ப்பா". அவ்வளவுதான்!

இந்த லிஸ்ட் எவ்வளவு ஓட்டை என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். "இல் தி கெ த்யூ வியாங்" என்றால், நீ வருகிறாய் என்று அவர் சொல்கிறார். "இல் தி கெ த்யூ வியென்" என்றால், அவர் உன்னை வரச் சொல்கிறார். இரண்டிலும் "சொல்கிறார்" ஒன்றேதான். "கெ"யும் ஒன்றேதான். மாறியது கடைசிச் சொல் மட்டும். முதலாவது தகவல், இரண்டாவது கட்டளை. "சொல்" என்ற வினையை லிஸ்டில் எந்த வரிசையில் வைப்பீர்கள்?

விஷயம் இவ்வளவுதான்: பேசுகிறவர் "இது உண்மை" என்று தன் பொறுப்பில் கையெழுத்துப் போடுகிறாரா, இல்லையா? போட்டால் இண்டிகேட்டிவ். கையெழுத்துப் போடாமல் அதை விருப்பமாகவோ கட்டாயமாகவோ சந்தேகமாகவோ மட்டும் வைத்தால் சப்ஜங்க்டிவ்.

இதில் இருக்கும் பெரிய வேடிக்கை, "இந்த மாதிரி ஒன்று நம்ம பாஷையிலேயே கிடையாது" என்று தமிழ் மாணவர்களிடம் சொல்லிவைப்பது. கிடையாதாமே! "வருவதாகச் சொன்னார்", "வரச் சொன்னார்" இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத தமிழ்க் குழந்தை உண்டா? "வாழ்க", "வருக" எல்லாம் ஸ்கூலில் வியங்கோள் வினைமுற்று என்று படித்ததுதானே? "வீவ் லா ஃபிரான்ஸ்" என்பதில் வரும் "வீவ்" அசல் சப்ஜங்க்டிவ். தமிழில் சொன்னால், பிரான்ஸ் வாழ்க. 1967 ஜூலை 24 அன்று மாண்ட்ரியாலில் தெ கோல் "வீவ் ல கெபெக் லீப்ர்" என்று முழங்கி, கனடாவோடு பெரிய ராஜதந்திரச் சண்டையையே கிளப்பிவிட்டுப் போனார். சுதந்திர கியூபெக் "வாழ்கிறது" என்று அவர் சொல்லவில்லை, "வாழ்க" என்றார்.  ஆனால் வகுப்பில் பிரெஞ்சுக்கு விளக்கம் இங்கிலீஷில்தான் வருகிறது. "இஃப் ஐ வேர்" மாதிரி ஒன்றிரண்டைத் தவிர சப்ஜங்க்டிவை ஏறக்குறைய தொலைத்துவிட்ட மொழி அது. அதன் வழியாக இதைப் புரியவைக்கப் பார்த்தால் லிஸ்ட்தான் மிஞ்சும்.

"அதுதான் செத்துக்கிட்டிருக்கே, எதுக்குப் படிக்கணும்?" என்பது அடுத்த வாதம். செத்தது அதன் இறந்தகால வடிவமான இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். அதுவும் பேச்சில். 1901லேயே பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் ஜார்ஜ் லேக், சில இடங்களில் அதற்குப் பதில் நிகழ்கால சப்ஜங்க்டிவ் எழுதினால் தேர்வில் தப்பாகக் கணக்கிடக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டார். நிகழ்கால சப்ஜங்க்டிவோ பாரிஸ் ரோட்டில் ஓடும் குழந்தை வாயில்கூட வருகிறது. "நான் போகணும்" என்பதற்கு அது தினமும் சொல்வது "ஃபோ கெ ஜாய்". அது சப்ஜங்க்டிவ் இல்லாமல் வேறென்ன?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் காசே இருக்கிறது. "பத்து நாளில் அனுப்பக்கூடிய சப்ளையர் ஒருவரைத் தேடுகிறோம்" என்று பிரெஞ்சில் எழுதும்போது, "கூடிய" என்ற இடத்தில் "பெ" போட்டால் அப்படி ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் தேடுகிறோம் என்று அர்த்தம். "புயிஸ்" போட்டால் அப்படி ஒருவர் இருக்கிறாரோ இல்லையோ, கிடைத்தால் தேவலை என்று அர்த்தம். ஒரே கடிதம், இரண்டு நிலைமை.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயமாக இருக்க வேண்டும். "நீ இங்கே இருப்பதில் சந்தோஷம்" என்றால் ஆள் எதிரிலேயே நிற்கிறான், சந்தேகமே இல்லை, ஆனாலும் சப்ஜங்க்டிவ் வருகிறது. அங்கே அவன் இருப்பது செய்தியே இல்லை, சந்தோஷம்தான் செய்தி என்று விளக்கலாம். "ஸ்வெத்தே" (விரும்பு) சப்ஜங்க்டிவ் கேட்கும், "எஸ்பெரே" (நம்பிக்கையோடு எதிர்பார்) கேட்காது. அதற்கும் காரணம் சொல்லலாம், எதிர்பார்ப்பவர் பாதி கையெழுத்துப் போட்டுவிட்டார். "அவான் கெ" வந்தால் விஷயம் இன்னும் நடக்கவில்லை, எனவே சப்ஜங்க்டிவ். "அப்ரே கெ" (அதற்குப் பின்) வந்தால் நடந்து முடிந்தது, எனவே இண்டிகேட்டிவ். இதிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பலர் இரண்டுக்கும் சப்ஜங்க்டிவ் போட்டுவிட, அகாதெமி ஃபிரான்ஸேஸ் கூடாது என்கிறது. ஆக, எல்லாமே சுத்தமான லாஜிக் இல்லை, கொஞ்சம் பழக்கமும்தான். கொஞ்சம் மனப்பாடம் தேவை. ஆனால் காரணம் தெரிந்து செய்கிற மனப்பாடம் வேறு, குருட்டு மனப்பாடம் வேறு.

வடிவமாவது கஷ்டமா என்றால் அதுவும் இல்லை. மொழியின் மிகப் பெரிய வினைக்கூட்டமான "பார்லே" வகையில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் இண்டிகேட்டிவும் சப்ஜங்க்டிவும் ஒன்றேதான். தனியாக நெட்டுரு போட வேண்டிய முரட்டு வினைகள் பத்துக்குள் அடங்கும்.

லிஸ்டைக் கிழித்துப் போட வேண்டாம். கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் போதும். முதல் பக்கத்தில் "வியாங்", "வியென்" என்ற அந்த இரண்டு வாக்கியங்களை எழுதிப்போட்டு, எது தகவல், எது கட்டளை என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் தெரிந்த எந்த மாணவனும் பதில் சொல்லிவிடுவான். மூன்று வருஷம் பிரெஞ்சு படித்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியும் ஒருவரை "வரச் சொல்ல" தெரியாமல் வெளியே வருகிறார்கள் என்றால், குற்றவாளி சப்ஜங்க்டிவ் அல்ல.