வாட் கிடக்கட்டும், பெட்டியைப் பாருங்க!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் அண்ணன்கள் கேட்டார்கள். கவிதை மட்டும் வேண்டாமாம், ஏற்கெனவே குவிந்து கிடக்கிறதாம். நல்லதாப் போச்சு! எனக்குக் கவிதை வராது. வருவதெல்லாம் கொஞ்சம் சால்டரிங், கொஞ்சம் கோபம். இரண்டையும் சேர்த்து சப்வூஃபர் பற்றி எழுதுகிறேன்.

கோபம் எதன் மேல்? முதலில் நம் புராஜெக்ட் மேல். ஆறாவது செமஸ்டர் வந்தால் நம்மில் பல பேர் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதை மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? கடையில் ரெடியாக வைத்திருப்பார்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும், கை தட்டினால் லைட் எரியும். ரிப்போர்ட்டையும் பைண்டிங் போட்டே கொடுத்துவிடுவார்கள். வைவாவில் "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா இங்கே?" என்று கேட்டால் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அம்மா குழுவில் கடன் எடுத்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து, எனக்கே புரியாத ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் "நான் செய்தது" என்று நிற்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே எங்கள் குழுவில் நாலு பேரும் சேர்ந்து ஒரு சப்வூஃபர் கட்டினோம். சினிமாவில் இடி இடித்தால் நெஞ்சுக்குள் கேட்குமே, அந்தத் தாழ்ந்த சத்தத்துக்கு மட்டும் உள்ள ஸ்பீக்கர் பெட்டி. இரண்டாம் வருஷத்துத் தம்பி தங்கைகளும் அடுத்த வருஷம் இதையே கட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாவது கோபம் வாட் மேல். கடைத்தெருவில் ஹோம் தியேட்டர் வாங்கப் போனால் பெட்டி மேல் 2000 வாட், 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும். பின்னால் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தொங்கும். பெருக்கினால் 24 வாட். முதல் வருஷப் பாடம் இது! உள்ளே போகிறதே 24 வாட் என்றால் வெளியே 2000 எப்படி வரும்? நமக்கெல்லாம் பழக்கமான 4440 ஐ.சி. போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா ஷீட்டில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் பண்ணினால் 19 வாட். அதையே 200 வாட் என்று சொல்லி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

உண்மையில் தாழ்ந்த சத்தத்துக்கு வாட்டை விட முக்கியம் காற்றைத் தள்ளுகிற வேலை. 80 ஹெர்ட்ஸில் ஒரு அளவு சத்தம் தரும் கோன், அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர வேண்டுமானால் 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். கோன் முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்று இழுக்கும். இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. அந்தப் பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்பதைக் கணக்காகப் போடலாம் என்று 1961ல் ஆஸ்திரேலியாவில் தீல் என்ற இன்ஜினியர் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் அங்கேயே ஸ்மால் என்பவர் அதை விரித்து எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்பீக்கரின் அளவுகளுக்கு தீல்-ஸ்மால் என்றே பெயர். அதற்கு முன்னால் பெரும்பாலும் காதை நம்பி, கட்டிப் பார்த்து, உடைத்துக் கட்டியதுதான்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 8 இன்ச் ஸ்பீக்கரோடு இந்த அளவுகள் ஒன்றும் வராது. அதனால்தான் இது நல்ல புராஜெக்ட் என்கிறேன். நாமே அளக்க வேண்டும், அளக்கிற சாமான் எல்லாம் நம் லேபிலேயே இருக்கிறது.

ஸ்பீக்கர் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். அங்கே சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, காயில் போன ஸ்பீக்கர்களுக்குக் காயில், கோன் எல்லாம் மாற்றிக் கொடுப்பார். இரண்டு கட்டை விரலால் கோனை மெதுவாக அமுக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், காயில் உரசுகிறதா என்று பார்ப்பார். மீட்டரே தேவையில்லை! புதுக் கோன் போட்ட ஒரு 8 இன்ச் எடுத்துக் கொடுத்தார். பெட்டி எத்தனை லிட்டர் வைக்கலாம் என்று கேட்டோம். சிரித்தார்.

"தம்பி, எத்தனை வாட்டுன்னு கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. லிட்டர் கேட்டு வந்தது நீங்கதான்" என்றார்.

ஆடிப்பூரத் தேர் சமயத்தில் அவருடைய 18 இன்ச் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அது மாதிரி ஒன்று செய்யலாமா என்று எங்களில் ஒருவன் கேட்டதற்கு, "அது வெளி. சத்தம் போனா போனதுதான். உங்க வீட்டுக்குள்ள நாலு சுவரு இருக்குல்ல, அதுவும் சேர்ந்து வேலை பார்க்கும்" என்றார். புத்தகத்தில் ரூம் கெயின் என்று நாலு பக்கம் எழுதியிருப்பது இதைத்தான்.

லேபில் சிக்னல் ஜெனரேட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஸ்பீக்கர் மூன்றையும் வரிசையாக இணைத்தோம். ஸ்பீக்கரின் இரண்டு முனையில் மல்டிமீட்டர். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினால் ஒரு இடத்தில் வோல்ட் உச்சிக்குப் போய் இறங்கும். அதுதான் அந்த ஸ்பீக்கரின் சொந்த அதிர்வு. எங்களுக்கு 42 ஹெர்ட்ஸ் வந்தது. அடுத்து கோன் மேல் 20 கிராம் களிமண்ணை வளையமாக ஒட்டி மறுபடி அளந்தோம். (நாணயம் வைக்காதீர்கள். இப்போதைய ஒரு ரூபாய் ஸ்டீல், ஸ்பீக்கர் காந்தம் இழுக்கும்!) 42 இறங்கி 33 ஆனது. இந்த இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால் அசையும் பாகத்தின் எடை சுமார் 32 கிராம். கோனைக் கழற்றாமலே எடை போட்டுவிட்டோம்! அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைக் காசு கொடுத்து எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதிலிருந்து இன்னொரு படி போனால், இந்தக் கோனின் விறைப்புக்கு ஈடான காற்று 29 லிட்டர் என்று வந்தது.

மூடிய பெட்டி என்றே முடிவு செய்தோம். பைப் வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கணக்குத் தப்பினால் மன்னிக்காது. ஒரு உதாரணம். 40 லிட்டர் பெட்டியில் 7 செ.மீ. உள் விட்டமுள்ள பி.வி.சி. பைப் 18 செ.மீ. நீளம் வைத்தால் அது 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகும். கையில் கிடைத்த துண்டு போதும் என்று 9 செ.மீ. வைத்தால் 45 ஹெர்ட்ஸ். நம் வீட்டு ஹால் 12 அடி நீளம் என்றால், அந்த ஹாலே 47 ஹெர்ட்ஸில் எதிரொலித்து நிற்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்? எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டும்... டும்...". தவில், பறை, பேஸ் கிடார் எல்லாம் ஒரே குரலில் பேசும். இதைத்தான் பல பேர் "செம பேஸ்" என்கிறார்கள். அது பேஸ் இல்லை நண்பர்களே, அளவு தப்பியதன் சத்தம்.

எங்கள் பெட்டி 18 மி.மீ. பிளைவுட், உள்ளே 35 செ.மீ. கனசதுரம். 42.9 லிட்டர் வரும், ஸ்பீக்கரும் குறுக்குச் சட்டமும் அடைத்தது போக 40 என்று வைத்துக்கொண்டோம். கனசதுரப் பெட்டி ஆகாது என்று சில பேர் சொல்வார்கள். இந்த அளவுப் பெட்டிக்குள் எதிரொலி 490 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும், நம்முடைய வேலையோ 80க்குக் கீழே. ஆகவே கவலை வேண்டாம். மூலைகளில் ஃபெவிகால், திருகு, உள்ளே சிலிகான். ஊசித் துவாரம் இருந்தாலும் பாம்பு மாதிரி சீறும்.

அடுத்தது பஞ்சு. வெளிநாட்டுப் புத்தகத்தில் பெட்டிக்குள் பாலியெஸ்டர் நார், ஆட்டு ரோமம் என்று போட்டிருக்கிறது. நூற்பாலை ஊரில் இருந்துகொண்டு ஆட்டைத் தேடுவார்களா? மில் கழிவுப் பஞ்சை உதறிப் பிரித்து அடைத்தோம். காற்று அமுங்கும்போது சூடாகும். பஞ்சு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் காற்று கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பெட்டி தன் அளவை விடப் பெரிதுபோல நடந்துகொள்ளும். பஞ்சில்லாமல் கணக்கில் வந்தது 55 ஹெர்ட்ஸ், அடைத்த பிறகு அளந்தால் 53. இரண்டே ஹெர்ட்ஸ்தான், ஆனால் நம்ம ஊர்ப் பஞ்சு கொடுத்தது! (ஈரம் ஏறினால் பஞ்சு கட்டியாகும் என்பதால் துணியில் பொதிந்து வைக்கவும்.) 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குமா என்றால் இறங்காது. 8 இன்ச்சுக்கு அந்த ஆசை கூடாது. மூலையில் வைத்தால் சுவர்கள் மிச்சத்தைக் கொஞ்சம் கொடுக்கும்.

ஆம்பிளிஃபையர் எல்.எம். 1875, 20 வாட். ஆமாம், வெறும் 20! ஆப்-ஆம்ப்பில் 20 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டு 80 ஹெர்ட்ஸ் ஃபில்டர். 10க்கு 12 ஹாலுக்கு இது தாராளம்.

இனி இடம். அமெரிக்கப் புத்தகங்களில் ஹோம் தியேட்டரை வீட்டுக்கு அடியில் நிலவறையில் வைக்கிறார்கள். சுற்றிலும் மண், யாருக்கும் தொந்தரவில்லை. நம் தெருவில் நிலவறைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் ஒரே சுவர். தாழ்ந்த சத்தம் சுவரைச் சுலபமாகத் தாண்டும். சட்டம் இருக்கிறது: 2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் இதில் ஒரு ஓட்டை. அந்த அளவு காதின் சுபாவப்படி திருத்திய அளவு. 40 ஹெர்ட்ஸில் மீட்டர் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் 45 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 80 டெசிபல் உறுமல் இருக்கலாம். சட்டப்படி சரி, ஆச்சிக்குத் தூக்கம் போச்சு. ஆகவே எங்கள் பெட்டியில் ஒரு நைட் சுவிட்ச் வைத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு சப்வூஃபர் தூங்கும். ரிப்போர்ட்டில் அதற்கும் சர்க்யூட் வரைந்திருக்கிறோம்.

கடைசியாக அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பல வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃப்ரேமில் சைடு பார்த்தவர். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்பது தொழிற்சாலை விதி. அப்பா நின்ற இடத்தில் யாரும் மீட்டர் பிடித்துப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை. இரைச்சலில் காது கெட்டால் முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, ஸ, ட மாதிரி எழுத்துகள் தெளிவாவது அந்த உயரத்தில்தான். அதனால் அவருக்குச் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. "என்னலே சொன்னான் அவன்?" என்று டிவி பக்கத்தில் போய் உட்காருவார். வால்யூமைக் கூட்டுவார். சின்ன ஸ்பீக்கர் பேஸோடு மல்லுக்கட்டிக் கரகரக்கும், வசனம் இன்னும் குழம்பும். "இவருக்கு எதுக்குடா சப்வூஃபர்?" என்று கேட்டவர்கள் உண்டு. இவருக்குத்தான் வேண்டும் என்பேன்! 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுமையைப் பெட்டி வாங்கிக்கொண்டால் சின்ன ஸ்பீக்கர் பேச்சை மட்டும் பார்க்கும். பெட்டியின் சத்தத்தையும் அளவாக வைக்க வேண்டும், இல்லையென்றால் பேஸே பேச்சை மூடிவிடும். மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, கெட்ட காதுக்கு வைத்தியம் காது மிஷின்தான். ஆனால் வால்யூம் 40ல் இருந்தது 28க்கு வந்திருக்கிறது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தே செய்தி பார்க்கிறார். "இதைத்தான் படிக்கியா?" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்துக் கேட்டார். ஆமாம்ப்பா என்றேன்.

யூனியனுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு விண்ணப்பம். 8க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்றில் எங்கள் அளவுப் பலகை 18 விழும், அதாவது 3 பெட்டி. ஒரு ஷீட்டை யூனியன் வாங்கித் தந்தால் 3 குழுக்கள் கட்டலாம். அறுப்பதற்கு மெக்கானிக்கல் நண்பர்கள் கை கொடுப்பார்கள், கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் 2 மணி நேரம் லேபைத் திறந்து தர வேண்டும். சிம்போசியத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சியை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்ல வேண்டும், மேடையில் நாற்காலி போட்டு.

பெயர் கொடுக்கிறவர்கள் என்னைத் தேட வேண்டாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில்தான் இருப்பேன். வருவதற்கு முன் உங்கள் வீட்டு ஹாலின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் எது என்பதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.