பானகம் கோயிலுக்கு மட்டுமா?

ஏப்ரல் வந்தாச்சு. செமஸ்டர் எக்ஸாமும் வெயிலும் சேர்ந்தேதான் வரும். லேப் முடிச்சு வெளிய வந்தா கை தானா கோலா பாட்டில் பக்கம் போகுது. பானகம்னு சொன்னா, "ராமநவமிக்குக் கோயில்ல தருவாங்களே, அதுவா மச்சி?"ன்னு சிரிக்கிறாங்க. என்னைக் கேட்டா, ஹாஸ்டல் ரூமுக்கு இதைவிடப் பொருத்தமான பானம் கிடையாது. அடுப்பும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம்.

நெல்லிக்காய் அளவு புளியை ஊறவச்சு, கரைச்சு வடிகட்டுங்க. ஒரு லிட்டர் குடிதண்ணியில 60 கிராம் வெல்லத்தைக் கரைச்சு, அதையும் வடிகட்டுங்க. வெல்லத்துல மண் இருக்கும். ரெண்டையும் கலந்து அரை ஸ்பூன் சுக்குப்பொடி, தட்டின ஏலக்காய் ரெண்டு, ஒரு சிட்டிகை உப்பு சேருங்க. கடைசியா அரை எலுமிச்சம்பழம் பிழிங்க. புளியில டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில சிட்ரிக் அமிலம். ரெண்டு புளிப்பும் சேரும்போது வர்ற ருசியே தனி. அன்னைக்கே குடிச்சு முடிச்சிடுங்க.

"வெல்லமும் சர்க்கரைதானே?" நியாயமான கேள்வி. வெல்லம் ஒண்ணும் மருந்து இல்லை. ஆனா ஒரு லிட்டர் கோலாவுல 100 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு. அதை நம்மால குறைக்க முடியாது. பானகத்துல 60-ஐ 40 ஆக்குறது நம்ம கையில இருக்கு.

அடுத்த சிம்போசியத்துக்கு பாட்டில்களை அடுக்குறதுக்குப் பதிலா ஒரு மண்பானை நிறையப் பானகம் வைக்கலாமே! காலி பாட்டில் பொறுக்குற வேலையாவது மிச்சமாகும்.