கனஅடி எந்தத் தெருவுக்கு வரும்?



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று இந்த இதழில் எழுதி வந்தவன் நான். இந்த முறை கைப்பேசியைப் பற்றி எழுதுகிறேன். "வயதான காலத்தில் இவருக்கு என்ன வாட்ஸ்அப் ஆராய்ச்சி?" என்று நம் சங்கத்து இளைஞர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கடலூர்க்காரர்களாகிய நமக்குக் காற்றும் மழையும்தான் பயம். புயல் போய்விட்டது, இனி கடையைத் திறக்கலாம் என்றுதான் எல்லோரும் இருந்தோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்த மழை நம் தலையில் விடியும் என்று யாரும் எண்ணவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையாற்றில் இறங்கி, விழுப்புரம் மாவட்டத்தைக் கலங்கடித்து, கடலூருக்கு வந்து கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது.

ஆற்றங்கரைப் பக்கம் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் 18 ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கிறார். அணை திறப்புச் செய்தி அவர் கைப்பேசிக்கும் வந்திருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு காலை வணக்கப் படத்துக்கும் நடுவில் கிடந்தது. படித்தும் பார்த்திருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்னு போட்டிருந்துச்சு. நான் ஏதோ நிவாரணத் தொகைன்னு நினைச்சேன்."

கேட்பவருக்குச் சிரிப்பு வரும். அவருடைய கடையைப் பார்த்த எனக்கு வரவில்லை. சர்க்கரை மூட்டை இருந்த இடத்தில் சாக்கு மட்டும் கிடந்தது. வெல்லமும் உப்பும் போன இடம் தெரியவில்லை. அரிசியில் கீழ் இரண்டு வரிசை ஊறி, மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. கடன் நோட்டு மையெல்லாம் கரைந்து நீலத் தண்ணீராகிவிட்டது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று அவர் இன்று வரை மனக்கணக்கில்தான் வசூல் செய்கிறார்.

என் குடோன் தப்பியது. என் சாமர்த்தியத்தால் அல்ல. துவரம்பருப்பு ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் அரசூர் பக்கம் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். "முதலாளி, இங்க ஹைவேஸ் மேலயே தண்ணி ஓடுது. வண்டி ஒண்ணும் நகரல. ஆத்துத் தண்ணி அங்கதான் வரும். கீழ் அட்டிய மேல ஏத்திடுங்க" என்றார். நாலு சுமைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டு மூட்டைகளை மேலே ஏற்றினோம். அந்த அவசரத்தில் எனக்கு என் சரக்கு மட்டும்தான் நினைவு. ஆற்றங்கரைக் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் அரசு அலுவலகங்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

முன்னறிவிப்பு இல்லாமல் அணையைத் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொன்னது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குப் படுவது வேறு. எச்சரிக்கை கொடுத்தது உண்மையாகவே இருக்கட்டும். அது கடைக்காரருக்குப் புரியும் பாஷையில் வந்ததா? கனஅடி என்பது பொறியாளர் ஒருவர் இன்னொரு பொறியாளரிடம் பேசுகிற கணக்கு. நமக்கு வேண்டியது, "இன்று பிற்பகலுக்குள் தண்ணீர் கடலூரைத் தொடும், 2015இல் வந்ததைவிடக் கூடுதலாக வரும், இன்னின்ன தெருக்களில் முழங்கால் அளவு நிற்கும், தரையில் இருக்கும் சரக்கை மேலே ஏற்றுங்கள்" என்ற நாலு வரி. சாத்தனூரிலிருந்து தண்ணீர் நம் ஊருக்கு வரப் பல மணி நேரம் ஆகும். ஒரு மளிகைக் கடையைக் காப்பாற்ற இரண்டு மணி நேரம் போதும்.

இன்று அரசிடம் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. மாவட்ட ஆட்சியர்களுக்கு முகநூல் பக்கம் இருக்கிறது, எக்ஸ் தளத்தில் கணக்கு இருக்கிறது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் இருக்கிறது. டி.என். அலர்ட் என்று ஒரு செயலியும் 2024இல் வந்தது. இவ்வளவும் இருந்தும் பெரும்பாலான பக்கங்கள் தெருமுனை அறிவிப்புப் பலகை மாதிரிதான் இருக்கின்றன. ஆய்வுக் கூட்டப் படம், சால்வைப் படம், கொடியசைத்துத் துவக்கி வைத்த படம். கீழே நூறு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள். ஒன்றுக்கும் பதில் இருக்காது. கடையைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவரிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு என்ன விற்கும்?

சேதி போய்ச் சேரும் வழிக்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 1998 முதல் தகவல் மையங்களை நடத்தி வந்தது. நல்லவாட்டிலும் ஒன்று இருந்தது. கடல் அலையின் உயரம் என்ன, காற்று எப்படி என்பதை அங்கே தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறித் தப்பியது. அன்று தேவனாம்பட்டினத்தில் நாம் எத்தனை உயிர்களை இழந்தோம் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அந்த ஒலிபெருக்கி ஆபத்து நாளில் வாங்கி மாட்டியதல்ல. தினமும் பேசியது, தினமும் உபயோகமானதைப் பேசியது. அதனால்தான் அன்றைக்கும் நம்பினார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் அவர்களை மழைக்காலத்தில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்வதும் இப்படித்தான். அவர் அரசு அதிகாரி அல்லர். வீட்டில் ஒருவர் சொல்வதைப் போல, எந்த ஊரில் எப்போது என்று சொல்கிறார். நம் அலுவலகங்கள் வருடம் முழுக்கச் சால்வைப் படம் போட்டுவிட்டு வெள்ளத்தன்று மட்டும் உண்மையான சேதி போட்டால், அந்தச் சேதியும் சால்வைப் படத்தோடு சேர்ந்து ஓடிப்போகும்.

வெள்ளம் எப்போதோ வருவது; தினசரி வியாபாரத்தைப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று கிளம்பிய வதந்தியை மறந்திருக்க மாட்டீர்கள். 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 17.1.2018 அன்று அறிக்கையே விட்டது. அதன் பிறகும் நம் ஊரில் வாடிக்கையாளர் வாங்க மறுத்தார், பஸ்ஸில் மறுத்தார்கள், நாமும் மறுத்தோம். என் கல்லாவில் சேர்ந்த ஒரு பை நாணயத்தை ஒரு வங்கிக் கிளையிலேயே "பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஏன் இப்படி ஆயிற்று? வதந்தி மைத்துனரிடமிருந்து தமிழில் வந்தது. மறுப்பு மும்பையிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜி.எஸ்.டி.யிலும் அதே கதை. 18.7.2022 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் என்றார்கள். சில்லரையாக அளந்து கொடுத்தால் வரி உண்டா இல்லையா என்று கடைக்குக் கடை சண்டை. மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் தொடர்ச்சியாகப் பதிவிட்டு, 14 பொருள்களைப் பட்டியலிட்டு, கட்டாமல் உதிரியாக விற்றால் வரியில்லை என்று விளக்கினார். உண்மையாகவே நல்ல காரியம். முன்பெல்லாம் இப்படி ஒரு விளக்கம் வர ஒரு மாதம் ஆகும். அதுவும் ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தால்தான் கிடைக்கும். ஆனால் அதைத் தமிழில் இரண்டு வரியாக்கி, உள்ளூர் அலுவலகத்தின் பெயரோடு, நம் குழுக்களில் போட யாரும் இல்லை. நமக்கு வந்தது எட்டுக் கை மாறிய ஒரு மங்கலான படம்.

பேசுவதைவிடக் கேட்பது பெரிது. டெல்லி போக்குவரத்துக் காவல்துறை 2010இல் பேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கியது. பொதுமக்கள் விதி மீறும் வண்டிகளைப் படம் எடுத்துப் போட்டார்கள். அதை வைத்து நூற்றுக்கணக்கானோருக்கு அபராதச் சீட்டு போனது. ஹெல்மெட் போடாத போலீஸ்காரர்களையும் மக்கள் விடவில்லை. அந்தப் படங்களையும் போட்டார்கள், அவர்கள் மீதும் நடவடிக்கை வந்தது. போட்டால் நடக்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

நம் தொழிலிலும் இது உண்டு, ஒரு பக்கமாக மட்டும். உணவுப் பொருளில் குறை கண்டால் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்ப உணவுப் பாதுகாப்புத் துறை எண் கொடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் படம் அனுப்பினால் அதிகாரி கடைக்கு வருகிறார். வரட்டும், கலப்படக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 1.1.2019 அன்று பிளாஸ்டிக் தடை வந்தபோது, எந்தப் பை ஆகும், எந்தப் பை ஆகாது என்று ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய கேள்விக்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. அத்தோடு சரி. நீலக் கோடு விழுந்ததால் படித்தார்கள் என்பது தெரியும். அதுதான் கூடுதல் வருத்தம்.

வியாபாரிகளிடம் கேட்பது அரசுக்கும் லாபம்தான். வெள்ள நாளில் எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, யாரிடம் பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இருக்கிறது, எந்தச் சாலையில் லாரி வரும் என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் கிடையாது. நம் தலையில் இருக்கிறது. அது தெரியாததால்தான் ரொட்டி வேண்டும் என்ற ஒரே சேதி இருபது குழுக்களில் மூன்று நாள் சுற்றுகிறது; ரொட்டி வந்து குவிந்து பூசணம் பிடிக்கிறது; பாயும் போர்வையும் இல்லாமல் ஜனம் ஈரத்தரையில் படுக்கிறது. 2018 பெருவெள்ளத்தில் கேரள அரசு தன்னார்வ இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளத்தை நடத்தியது. யார் எங்கே மாட்டியிருக்கிறார், எந்த முகாமுக்கு என்ன தேவை என்று மக்களே அதில் எழுதினார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இளைஞர்கள் தாமாகவே இணையத்தில் இதைத்தான் செய்தார்கள்.

ஆகவே நம் சங்கம் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிய திட்டம் எதுவும் அல்ல. கடைவீதி வாரியாக நம் ஆட்களும், வருவாய், நீர்வளம், மின்வாரியம் ஆகிய துறைகளில் பதில் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரும் இருக்கிற ஒரே ஒரு குழு. அதில் வாழ்த்து வேண்டாம், படம் வேண்டாம். கேட்டால் அன்றே பதில் வர வேண்டும். தெரியாவிட்டால் "விசாரித்துச் சொல்கிறேன்" என்றாவது வர வேண்டும். அதிகாரி மாறினாலும் எண் மாறக் கூடாது. பதிலுக்கு நாமும் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை சரக்கு இருப்பைச் சொல்ல வேண்டும். கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்று நம் கடையைப் பற்றியே அதில் வந்தால் கோபப்படாமல் விசாரிக்க வேண்டும். கண்டதையெல்லாம் தள்ளிவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். ஏரி உடைந்தது என்ற பழைய படம் ஒன்று எனக்கு மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம்? கைப்பேசிக் கோபுரம் படுத்துவிட்டால் எக்ஸும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்வதை நிறுத்திவிடக் கூடாது. ஆட்டோ வாடகையை நம் சங்கமே கொடுக்கலாம்.

இது குறித்த தீர்மான வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பாகவே, என்னிடம் சரக்கு எடுக்கும் ஆற்றோரக் கடைகள் பதினொன்றின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, குடோன் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் எண் அந்தக் கடைக்காரருடையது.